கணவர் மஸ்கட்டில் இருந்த காலத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட கருவுறுதல் மருந்துகள்

அனுப்புநர்
து. சாவித்திரி,
க/பெ. துரைராசு,
நடுத்தெரு, நெய்வாய்ச்சேரி,
திருவிடைமருதூர் வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: கருவுறுதல் சிகிச்சை – கணவர் வெளிநாட்டில் இருந்தபோது மனைவிக்கு மட்டும் தொடர்ந்து மருந்து அளித்தது – 'மருந்துக்கு இணங்காத உடல்' என எழுதிக் கொடுத்தது – அதைத் திருத்தவும், கணவருக்குப் பரிசோதனை அழைப்பு அனுப்பவும் வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. திங்கட்கிழமைகளில் தங்களிடம் வரும் மனுக்களில் பெரும்பாலானவை நிலம் பற்றியவை என்பதை அறிவேன். இம்மனுவிலும் ஓரிடத்தில் நிலம் வருகிறது. எங்கள் பகுதியில் நிலம் வராத குடும்ப விவகாரம் கிடையாது. ஆனால் நிலத்தைப் பற்றி நான் எதையும் கேட்கவில்லை. ஆகவே இதை நிலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டாம் என முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. எனக்கு வயது இருபத்தொன்பது. திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் துரைராசு மஸ்கட்டில் கட்டட வேலையில் கம்பி கட்டுகிறார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். கடைசியாக அவர் ஊரிலிருந்து புறப்பட்டது 2006 சித்திரையில். அடுத்து வரவிருப்பது வரும் சித்திரையில். இடைப்பட்ட காலத்தில் அவர் ஒருநாள் கூட இந்தியாவில் இல்லை. இதற்குக் கடவுச்சீட்டில் குத்திய முத்திரைகளே சாட்சி. அதன் நகலை இணைத்துள்ளேன். இந்த ஒரு செய்தியை மட்டும் தாங்கள் மனதில் இருத்திக்கொண்டால், கீழே வருபவை அனைத்தும் எளிதில் விளங்கும்.

3. எங்களுக்குக் குழந்தை இல்லை. சென்ற ஆண்டு ஆடி மாதம் என் மாமியார் வேம்பு என்னைப் பொன்னிவளம் மகப்பேறு மனை என்னும் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். கணவர் ஊரில் இல்லாதபோது எதற்குப் போனீர்கள் என்று தாங்கள் கேட்கக்கூடும். அது நியாயமான கேள்வி. அந்த மருத்துவமனையில் அதை யாரும் கேட்கவில்லை என்பதே இம்மனு.

போனதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அறுவடை முடிந்து வயல் சும்மா கிடக்கும் கோடையில், எங்கள் ஊரில் ஆட்டுக்கிடை போடுவார்கள். மந்தையை இரவில் வயலிலேயே அடைத்து வைத்தால், அதன் எரு மண்ணில் இறங்கிக் கிடந்து, தண்ணீர் வந்து நாற்று நட்ட பிறகு பலன் கொடுக்கும். என் மாமியார் நாற்பது ஆண்டுகளாக இப்படி வயல் பார்த்தவர். "அவன் வர்ற அன்னிக்கு மருந்த ஆரம்பிச்சா ஆவுமா? முன்னாடியே குடுத்து வச்சாத்தான் உடம்புல ஊறிக் கெடந்து, அவன் வந்ததும் பேசும்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. நான் பட்டப்படிப்பு படித்தவள். பாடம் வரலாறு.

4. மருத்துவமனையில் எங்கள் முறை வரும்போது மருத்துவருக்கு ஓரிரு நிமிடங்களே கிடைக்கும். அவர் தாளைப் பார்த்தபடியே, "எல்லாம் ஒழுங்கா போய்ட்டிருக்கா?" என்பார். என் மாமியார், "ஒங்க புண்ணியத்துல நல்லபடியா இருக்கு டாக்டர்" என்பார். இதன் பிறகு மாத்திரை எழுதப்படும். ஆடி முதல் மார்கழி வரை ஆறு மாதங்களும் இவ்வுரையாடல் சொல் மாறாமல் நடந்தது. பொய் சொன்னவர் எவரும் இல்லை. கேட்டவரும் எவரும் இல்லை.

5. எனக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகள் என்ன செய்கின்றன என்பதை இப்போது அறிவேன். அரசு மருத்துவமனை மருத்துவர் விளக்கியதையும், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் ஆங்கிலத் தாளை அகராதி வைத்துக்கொண்டு நான் படித்ததையும் சேர்த்துத் தங்கள் பார்வைக்கு எழுதுகிறேன். இவை தெரியாமல் என் குறை விளங்காது.

முதலாவது, குளோமிபீன் மாத்திரை. மாதவிலக்கு தொடங்கியதும் ஐந்து நாட்கள் தின்ன வேண்டும். இது கருப்பையையோ முட்டையையோ நேரடியாகத் தொடுவதில்லை. மூளையிடம் போய், உடலில் பெண்மைக்குரிய சுரப்பு குறைந்துவிட்டது என்று நம்ப வைக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மேலே தகவல் கொடுப்பது போன்றது. மூளை அதை நம்பி, முட்டையை வளர்க்கும் சுரப்பைக் கூடுதலாகத் திறந்துவிடுகிறது. தகவல் கொடுத்த மாத்திரத்தில் மதகு திறக்கப்படுவது ஒன்றுதான் இதில் எங்கள் ஊராருக்கு நம்ப முடியாதது. மாத்திரை முடிந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டை முதிர்ந்து வெளிப்படும். வெளிப்பட்ட முட்டைக்கு ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள். அதற்குள் கணவரின் உயிரணு வந்து சேரவில்லையென்றால் அது கரைந்துவிடும். அடுத்த மாதத்துக்கு மிச்சம் இருக்காது. அதாவது இது கிடை எரு அல்ல. வாய்க்காலில் ஓடும் தண்ணீர். வயல் வாங்கிக்கொண்டாலும் வாங்காவிட்டாலும் கடலுக்குப் போய்விடும்.

இம்மாத்திரையால் எனக்கு முகத்திலும் மார்பிலும் திடீர் திடீரென அனல் அடித்தது. தலைவலி வந்தது. சில நாட்கள் கண்முன் பூச்சி பறப்பது போல் இருந்தது. காரணமில்லாமல் அழுகை வந்தது. காரணம் இருந்தும் வந்திருக்கலாம். அதைப் பிரித்தறிய அந்தத் தாளில் வழி சொல்லப்படவில்லை.

இரண்டாவது, தை மாதம் போடப்பட்ட ஊசிகள். ஆறு மாத மாத்திரைக்குக் குழந்தை நிற்கவில்லை என்பதால், மார்கழியில் என் தாளில் 'மருந்துக்கு இணங்காத உடல்' என எழுதிவிட்டு மருத்துவர் இதற்கு மாறினார். இது மூளையைக் கேட்காமல், எஞ்சின் வைத்து நேரே வயலுக்கு இறைப்பது போன்றது. மாதவிலக்கு நின்றுபோன பெண்களின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவதாக அறிகிறேன். அளவு மீறினால் முட்டைப்பைகள் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாகும். எனக்கு வயிறு உப்பியதோடு நின்றது.

மூன்றாவது, முதிர்ந்த முட்டையை வெளியேறச் செய்யும் ஊசி. இது கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவது. கருவுற்ற பெண்ணின் உடலில் சுரக்கும் அதே பொருள்தான் இது. இந்த வாக்கியத்தின் மீது தங்கள் கவனத்தைச் சிறப்பாகக் கோருகிறேன்.

நான்காவது, கருப்பையின் உட்பூச்சைக் காத்து வைக்கும் மாத்திரை. இதைத் தின்னும் வரை மாதவிலக்கு தள்ளிப்போகும். மார்பு கனத்து வலிக்கும், குமட்டல் வரும், வயிறு ஊதும்.

6. அந்த மூன்றாவது ஊசியைப் போட்ட செவிலியர், ஊசி போட்ட இடத்தைத் தேய்த்தபடி, "இன்னிக்கும் நாளைக்கும் ரெண்டு பேரும் சேந்து இருங்க, மறந்துடாதீங்க" என்றார். நானும் என் மாமியாரும் சேர்ந்தேதான் இருந்தோம். ஒரே பேருந்தில் ஊர் திரும்பினோம். மஸ்கட்டில் அன்று என் கணவருக்கு இரவு ஷிப்ட்.

7. பத்து நாள் கூட ஆகவில்லை. எனக்குக் குமட்டியது. வயிறு உப்பியிருந்தது. மார்பு கனத்து வலித்தது. என் கணவரின் அண்ணன் வைரக்கண்ணுவின் மனைவி மங்களாம்பிகை இதைக் கவனித்துவிட்டார். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் மீரா உசேனிடம் கர்ப்பம் பார்க்கும் அட்டை ஒன்றை வாங்கி வந்து, "சும்மா பாரேன், என்ன ஆயிடப் போவுது" என்று கையில் கொடுத்தார். பார்த்தேன். இரண்டு கோடுகள் விழுந்தன.

ஐயா, அந்த இரண்டாவது கோட்டைக் கண்டதும், என் கணவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார் என்பது நன்றாகத் தெரிந்திருந்தும், ஒரு கணம் மகிழ்ந்தேன். மனுவில் இதற்கு இடமில்லை என்பதை அறிவேன். நடந்ததை மறைத்து எழுதக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

8. அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்குச் செய்தி போய்விட்டது. என் கணவரின் அண்ணன் வைரக்கண்ணு வாசலில் நின்று, "எந்தம்பி அங்க வெயில்ல வேவுறான், இங்க பாத்தீங்களா கூத்த" என்றார். மீரா உசேனிடம் போய் அட்டையில் தவறு நேருமா என்று சிலர் விசாரித்தார்கள். அவர் தன் கடைச் சரக்கை விட்டுக்கொடுக்காமல், "கம்பெனி அட்டைங்க, தப்பா காட்டாது" என்றார். அவர் சொன்னது உண்மை. ஊசியில் ஏற்றிய பொருளைத்தான் அட்டை கண்டுபிடித்துக் காட்டியது. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. மருந்துகளும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தன.

எனக்காகப் பேசியவர் என் மாமியார் ஒருவரே. கூடியிருந்தவர்களைப் பார்த்து, "ராவும் பகலும் எம்பக்கத்துலதான் படுத்துக் கெடக்கா. தப்பு நடந்திருந்தா எனக்குத் தெரியாம நடந்திருக்கணும். நான் கெழவிதான்டா, செத்துப்போனவ இல்ல" என்றார். பிறகு மூத்த மகனிடம், "நீ மொதல்ல உள்ள போயி சட்டையப் போடு" என்றார். கூட்டம் கலைந்தது. பேச்சு கலையவில்லை.

அடுத்தடுத்துப் பார்த்த அட்டைகளில் இரண்டாவது கோடு மங்கிக்கொண்டே வந்து, பிறகு இல்லாமற்போனது. மாத்திரையை நிறுத்தியதும் விலக்கு வந்தது. ஊரில் இதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்கள். அதை எழுத என் பேனா மறுக்கிறது. தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

9. இப்போது நிலம். எங்கள் குடும்பம் ஓர் அன்னசத்திர அறக்கட்டளையின் நிலத்தைப் பதிவு பெற்ற குத்தகைதாரராகச் சாகுபடி செய்து வருகிறது. என் மாமனார் காலமானதும் பதிவை இரு மகன்கள் பெயருக்கும் மாற்ற வேண்டியிருந்தது. வைரக்கண்ணு மார்கழியில் கொடுத்த மனுவில், தம்பிக்கு வாரிசு பிறக்க வழியில்லை என்பதால் பதிவைத் தன் பெயருக்கு மட்டும் மாற்ற வேண்டும் என்று கேட்டு, அதற்கு ஆதாரமாக என் மருத்துவத் தாளின் நகலை இணைத்தார். தை மாதம் கொடுத்த இரண்டாவது மனுவில், தம்பி மனைவிக்குப் பிறக்கவிருக்கும் வாரிசு தம்பியுடையது அல்ல என்பதால் பதிவைத் தன் பெயருக்கு மட்டும் மாற்ற வேண்டும் என்று கேட்டார். எனக்குக் குழந்தை பிறக்காது என்பது முதல் மனு. பிறக்கப் போகிறது என்பது இரண்டாவது மனு. இரண்டும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்ததை நான் குறை சொல்லவில்லை. குளோமிபீனைக் கண்டுபிடித்தவர்கள், அது குத்தகை வழக்கில் சான்றாவணமாகும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வழக்கை அதற்குரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

10. என் கணவர் வெள்ளிக்கிழமை தோறும் கைப்பேசியில் பேசுவார். அட்டைச் செய்தி அவருக்குப் போன பிறகு பல வெள்ளிக்கிழமைகள் பேசவில்லை. கடைசியாகப் பேசியபோது, "நேர்ல வந்து பேசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொன்னாரா, வேதனையோடு சொன்னாரா என்பது தெரியவில்லை. அதற்குள் அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது.

11. மாசி மாதம் நான் தனியே அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தையின்மைப் பிரிவுக்குச் சென்றேன். அங்கிருந்த அம்மையார் என் தாள்களை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பிறகு, "ஒங்க வீட்டுக்காரரு அப்பல்லாம் எங்கம்மா இருந்தாரு?" என்றார். இந்தச் சிகிச்சை தொடங்கியபின் என்னிடம் முதன்முதலாக இக்கேள்வியைக் கேட்டவர் அவரே. மஸ்கட்டில் என்றேன். அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "அவருக்கு டெஸ்ட் ஏதாவது எடுத்திருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஆறு மாசமா யாருக்கும்மா மாத்திரை சாப்ட்ட?" என்றார்.

அவர் மேலும் கூறியதாவது: பொன்னிவளத்தில் மாதாமாதம் எடுத்த ஸ்கேன் தாள்களின்படி ஒவ்வொரு முறையும் முட்டை நன்கு வளர்ந்திருக்கிறது. ஆகவே மருந்துக்கு என் உடல் இணங்கியே இருக்கிறது. குழந்தையின்மையில் கணிசமான பங்குக்குக் காரணம் கணவரிடமும் இருக்கக்கூடும். அவரைப் பரிசோதிக்காமல் மனைவிக்கு மருந்து தொடங்குவதே முறையல்ல. ஆனால் மருந்துக்கு இணங்காதவர் என எழுதப்பட்டவர்களை அப்பிரிவில் ஏற்பதில்லை. வெளியூருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வரியை எழுதியவர்களே திருத்திக் கொடுத்தால், என் கணவர் விடுப்பில் இருக்கும் அறுபது நாட்களுக்குள் இருவரையும் சேர்த்துப் பார்க்க முடியும்.

12. நான் பொன்னிவளம் மகப்பேறு மனைக்குச் சென்று கேட்டேன். "புருஷன் ஊர்ல இல்லன்னு நீங்கதானம்மா சொல்லியிருக்கணும். எழுதுனது எழுதுனதுதான்" என்று வரவேற்பறையில் இருந்தவர் கூறினார். மருத்துவரைப் பார்க்க முடியவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறொருவருக்கு நான் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. எங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர், கருத்தடைச் சாதனம் எதுவும் பயன்படுத்தாத பெண்களின் பெயருக்கு எதிரே காரணம் எழுதி வைப்பார். என் பெயருக்கு எதிரே 'கணவர் வெளிநாடு' என்று எழுதியிருக்கிறார். குழந்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டிய துறைக்கு என் கணவர் எங்கே இருக்கிறார் என்பது தெரிந்திருக்கிறது. குழந்தை உண்டாக்க வேண்டிய மருத்துவமனைக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் மட்டும் கணவர் வளைகுடாவில் இருக்கும் வீடுகள் பல. அவற்றில் எத்தனை வீடுகளில் இப்போது மாத்திரை தின்றுகொண்டிருக்கிறார்கள் என்பதை நான் அறியேன். சொல்லக் கூச்சப்படுவார்கள். ஆகவே மருத்துவர்கள்தான் கேட்க வேண்டும்.

13. மேற்கண்டவற்றை முன்னிட்டு நான் வேண்டுவன:

அ) மருத்துவத் தாளில் உள்ள 'ஆறு சுழற்சி கொடுத்தும் பலன் இல்லை, மருந்துக்கு இணங்காத உடல்' என்னும் வரியை நீக்கி, 'கணவர் உடனில்லாததால் பலனை மதிப்பிட இயலாது' என்று எழுதித்தர அந்த மருத்துவமனைக்கு அறிவுறுத்த வேண்டும். ஆறு என்ற எண்ணைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. ஆறு முறையும் தின்றது என் உடல்தான். அதன் பக்கத்தில் எழுதிய முடிவைத்தான் மறுக்கிறேன்.

ஆ) தை மாதம் போடப்பட்ட ஊசியின் பெயரையும் தேதியையும், அந்த ஊசிக்குப் பின் கர்ப்பம் பார்க்கும் அட்டையில் தவறாக இரண்டு கோடு விழக்கூடும் என்பதையும், அதே மருத்துவமனை கையொப்பமிட்டுத் தமிழில் எழுதித் தர வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் எங்கள் தெருவில் யாரும் படிக்க மாட்டார்கள்.

இ) கருவுறுதல் மருந்து எழுதும் முன், கணவர் இப்போது எங்கே இருக்கிறார், அவருக்குப் பரிசோதனை ஆயிற்றா என்று கேட்டுப் பதிய வேண்டும் என மாவட்டத்திலுள்ள மருத்துவமனைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

ஈ) இதுவே முக்கியமானது. என் கணவரைப் பரிசோதனைக்கு அழைத்து, அரசு முத்திரையுடன் ஒரு தாள் அனுப்ப வேண்டும்.

14. கடைசி வேண்டுகோளுக்கு மட்டும் விளக்கம் தர அனுமதி வேண்டுகிறேன். முன்னொரு விடுப்பின்போது பரிசோதனை பற்றிப் பேச்செடுத்தேன். "எனக்கு என்ன கொறச்சல்? ஆளப் பாத்தா தெரியல?" என்றார். ஆளைப் பார்த்தால் தெரியாது என்பதால்தான் பரிசோதனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் பரிசோதனைக்கு அஞ்சுபவர் அல்லர். விசா வாங்குவதற்காகச் சென்னைக்குப் போய், இரத்தம், சிறுநீர், மார்புப் படம் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தவர். முத்திரை வைத்த தாள் கேட்டது, கொடுத்தார். என் சொல்லுக்கு வராதவர் தங்கள் முத்திரைக்கு வருவார். அவர் நல்லவர், ஐயா. தாளுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்து பழகியவர்.

அவர் விமானத்திலிருந்து இறங்கி வீடு வந்து சேரும்போது, என்னைப் பற்றிச் சொல்வதற்குத் தெருவில் பலர் காத்திருப்பார்கள். அவர்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு நான் அழுது விளக்கம் சொல்ல விரும்பவில்லை. அவர் கையில் ஒரு தாளைக் கொடுக்க விரும்புகிறேன். சிகிச்சைக்காக இன்றுவரை எழுதப்பட்ட எல்லாத் தாள்களிலும் என் பெயர் மட்டுமே இருக்கிறது. ஆகவே அந்த ஒரு தாளில் அவர் பெயரை முதலிலும் என் பெயரை அதற்கு அடுத்தும் எழுதி, இருவரையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வரும்படி அழைக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இடம்: நெய்வாய்ச்சேரி
நாள்: 10-03-2008

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
து. சாவித்திரி
(ஒப்பம்)